சின்னாளபட்டிக்கு வந்த டாக்டரம்மா

குழந்தைகளே! வீட்டுக்கு வரும் உறவினர்கள் உங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய், பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்பதுதான் அது. சிலர் சட்டென்று பதில் சொல்லிவிடுவீர்கள். சிலர் பதில் தெரியாமல் விழிப்பீர்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலான வீடுகளில் பெண் குழந்தைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். படிப்பு முடிவதற்குள் கல்யாணம் ஆகிவிடும். அதற்குப் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அப்படி 14 வயதிலேயே மணமான ஒரு சிறுமி, பின்னாளில் டாக்டரானார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்து ஏழைத் தாய்மார்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஓர் ஊரையே உருவாக்கினார். அவர்தான் டாக்டர் டி.எஸ். சௌந்தரம். தன் வாழ்க்கைப் பணி எது என்பதை அவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

மதுரை வீட்டுப் பெண்

சௌந்தரம் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி பிறந்தார். அவருடைய தந்தையின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். சாலையில் ஓடும் டி.வி.எஸ். வண்டிகளைப் பார்த்திருப்பீர்களே! அந்த டி.வி.எஸ். நிறுவனங்களுக்கு அடிக்கல் நாட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்கார்தான் அவர். திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி அவர்களின் பூர்வீக ஊர். பஸ் போக்குவரத்தில் தொடங்கி, மதுரையில் பெரிய தொழிலதிபராக வளர்ந்தார் சுந்தரம் ஐயங்கார்.

செல்வம் நிறைந்த வீடு. ஆனாலும் அந்தக் கால வழக்கத்தை மீற முடியவில்லை. 1918-இல், சௌந்தரத்துக்கு 14 வயதானபோது, உறவினரான சௌந்தரராஜனுக்கு அவரை மணம் செய்துவைத்தார்கள். மாப்பிள்ளை ஒரு டாக்டர். மனைவி படிக்க வேண்டும் என்று விரும்பியவர். கல்யாணம் ஆனதும் பெண்ணின் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடும் காலத்தில், படி என்று சொல்லும் கணவர் கிடைத்தது அபூர்வம்தான்.

பிளேக் பறித்த உயிர்

அந்த நாட்களில் பிளேக் என்றாலே ஊர் நடுங்கும். எலிகளின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிகள் கடிப்பதால் மனிதர்களுக்குப் பரவும் கொடிய நோய் அது. இன்று அதைக் குணப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. அன்று இல்லை. பிளேக் வந்துவிட்டால், முடிந்தவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் டாக்டர்கள் போக முடியுமா? நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்த இளம் டாக்டர் சௌந்தரராஜனையும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. அவர் இறந்துபோனார்.

சௌந்தரம் இளம் வயதிலேயே கைம்பெண் ஆனார். அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். நல்ல காரியங்களில் முன்னால் வரக்கூடாது. வீட்டின் மூலையில் ஒதுங்கியே வாழ்நாளைக் கழிக்க வேண்டும். எத்தனையோ சின்னஞ்சிறு பெண்களின் வாழ்க்கை இப்படி இருட்டிலேயே முடிந்துபோனது.

சௌந்தரத்தின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மூலையில் உட்கார்ந்து அழுவது ஒன்று. கணவர் விரும்பியபடி படிப்பது மற்றொன்று. அவர் படிக்க முடிவு செய்தார். அதுவும் சாதாரணப் படிப்பு அல்ல. கணவர் எந்தத் தொழிலைச் செய்து உயிரை விட்டாரோ, அந்த மருத்துவத் தொழிலையே தானும் கற்க விரும்பினார்.

ஊர் என்ன சொல்லும் என்று பெற்றோர் பயந்திருக்கலாம். பயப்படவில்லை. மகளின் பக்கம் நின்றார்கள்.

மறுபடியும் பள்ளிப் பாடம்

ஆசைப்பட்டால் மட்டும் டாக்டராகிவிட முடியுமா? சிறு வயதில் கல்யாணமான பெண்ணுக்குப் பள்ளிப் படிப்பு எங்கே முடிந்திருக்கும்? எனவே முதலில் விட்ட இடத்திலிருந்து பள்ளிப் பாடங்களைப் படிக்க வேண்டியிருந்தது. தன்னைவிட வயதில் சிறியவர்கள் படிக்கும் பாடங்களை வெட்கப்படாமல் படித்தார் சௌந்தரம். இப்படியே ஆண்டுகள் ஓடின.

பிறகு டெல்லிக்குப் போனார். அங்கே 1916-இல் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி இருந்தது. பெண்களுக்கென்றே அமைந்த கல்லூரி. மதுரையிலிருந்து டெல்லி போக வேண்டுமென்றால் நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். மொழி வேறு, சாப்பாடு வேறு, குளிர் வேறு. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத தென்னாட்டுப் பெண்ணுக்கு அது பெரிய சோதனைதான்.

அந்தக் கல்லூரியில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தார். அவர் பெயர் சுசீலா நய்யார். காந்தியடிகளின் செயலாளர் பியாரேலாலின் தங்கை. பின்னாளில் காந்தியடிகளுக்கே மருத்துவம் பார்த்தவர். இந்தத் தோழியின் மூலமாக சௌந்தரத்துக்குக் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. கதர் உடுத்துவது, தீண்டாமையை ஒழிப்பது, கிராமங்களுக்குத் தொண்டு செய்வது போன்ற கொள்கைகள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தன.

1936-இல் சௌந்தரம் மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. இன்று பலர் 23, 24 வயதிலேயே டாக்டராகிவிடுகிறார்கள். சௌந்தரம் தாமதமாகத்தான் வந்தார். ஆனால் வந்து சேர்ந்துவிட்டார்!

ஓராண்டு காத்திருப்பு

டெல்லியில் காந்தியப் பணிகளில் ஈடுபட்டிருந்த ஜி. ராமச்சந்திரனை சௌந்தரம் சந்தித்தார். ராமச்சந்திரன் கேரளத்தின் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர். கவி ரவீந்திரநாத் தாகூரின் சாந்திநிகேதனில் படித்தவர். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள்.

இது எளிதான விஷயமா? ராமச்சந்திரன் வேறு சாதி. வேறு மொழி பேசுபவர். அதற்கும் மேலாக, கைம்பெண் மறுமணம் என்பதையே அன்றைய சமூகம் ஏற்கவில்லை. மகளைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் இது கடினமாக இருந்தது. வீட்டில் எதிர்ப்பு எழுந்தது.

விஷயம் காந்தியடிகளிடம் போனது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஓராண்டு காலம் இருவரும் பார்க்கவும் கூடாது, கடிதம் எழுதவும் கூடாது. அதற்குப் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் தானே முன்னின்று மணம் முடித்துவைப்பதாகக் கூறினார்.

இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மனமும் மாறவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி சேவாகிராமத்தில் காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு அவர் தன் கையால் நூற்ற நூலில் நெய்த வேட்டியைக் கொடுத்தார். மணமகளுக்கு அன்னை கஸ்தூரிபா நூற்ற நூலில் நெய்த சேலை கிடைத்தது. பெரிய பணக்கார வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பரிசு இவ்வளவுதான்!

1942-இல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்தபோது கணவனும் மனைவியும் அதில் பங்கு கொண்டார்கள்.

யாருக்கு மருத்துவம்?

சௌந்தரம் டாக்டராகிவிட்டார். நினைத்திருந்தால் மதுரையிலோ சென்னையிலோ பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம். வீட்டில் பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் அவர் தேடியது வேறு. யாருக்கு மருத்துவம் செய்வது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டியிருந்தது.

1944 பிப்ரவரி 22-ஆம் தேதி, புனேயில் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்த அன்னை கஸ்தூரிபா காலமானார். அவர் நினைவாக நாடு முழுவதும் மக்கள் நிதி திரட்டினார்கள். 75 லட்சம் ரூபாய் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது! அந்தப் பணத்தில் சிலை வைக்கவில்லை. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்று முடிவானது. கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை இப்படித்தான் பிறந்தது.

அந்தப் பணியைத் தமிழ்நாட்டில் நடத்தும் பொறுப்பை டாக்டர் சௌந்தரத்திடம் ஒப்படைத்தார் காந்தியடிகள். சௌந்தரத்தின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. டாக்டரைத் தேடி வர முடியாதவர்களிடம் டாக்டரே போக வேண்டும்!

இரண்டு படுக்கைகள்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் பத்துப் பதினோரு கிலோமீட்டர் போனால் சின்னாளபட்டி வரும். நெசவாளர்கள் நிறைந்த ஊர். சுங்குடிச் சேலைக்குப் பேர் பெற்றது. கிழக்கே சிறுமலை நீலமாகத் தெரியும். பக்கத்திலேயே அம்பாத்துரை ரயில் நிலையம். 1946-இல் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்தபோது, இந்த வட்டாரத்து மக்கள் அவரைக் காணத் திரண்டார்கள்.

1947-இல் இந்தச் சின்னாளபட்டியில் டாக்டர் சௌந்தரம் ஒரு சிறிய மருத்துவ விடுதியைத் தொடங்கினார். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான அந்த விடுதியில் இருந்தவை இரண்டே இரண்டு படுக்கைகள்!

இரண்டு படுக்கைகளால் என்ன செய்துவிட முடியும் என்று நினைக்கிறீர்களா? அன்றைய கிராமத்தின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். பிரசவம் என்றால் வீட்டின் இருட்டறையில்தான் நடக்கும். ஊர் மருத்துவச்சி வந்து பார்ப்பார். அனுபவத்தால் பழகிய கைகள் அவருக்கு உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை அறுப்பார்கள். அந்தக் கத்தியில் கிருமி இருந்தால் குழந்தைக்கு ரண ஜன்னி வரும். பிறந்து ஒரு வாரம், பத்து நாளில் குழந்தை இறந்துவிடும். தாய்க்குக் கிருமி தொற்றினால் தாயும் பிழைப்பது கடினம். தெய்வக் குற்றம் என்று சொல்லி ஊரார் அழுவார்கள்.

கத்தியைக் கொதிக்கும் நீரில் நெடுநேரம் போட்டுச் சுத்தம் செய்திருந்தால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் போதும். எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்! இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. சொல்லித் தர ஓர் ஆள் தேவை. பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டுப் பார்த்து, பயப்படாதே என்று தைரியம் சொல்ல ஓர் ஆள் தேவை. அதனால்தான் மருத்துவம் பார்த்ததோடு நிற்காமல், கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்கும் வேலையும் நடந்தது. பயிற்சி பெற்ற சேவிகைகள் ஊர் ஊராகப் போய்ப் பணி செய்தார்கள்.

ஓர் ஊர் பிறந்தது

1947 அக்டோபர் 7-ஆம் தேதி. நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்றுதான் சின்னாளபட்டிக்கும் அம்பாத்துரைக்கும் நடுவில் காந்திகிராமம் தொடங்கியது. டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் உடன் உழைத்த தொண்டர்களும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள்.

நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதை சௌந்தரம் புரிந்துகொண்டிருந்தார். மருந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் பெண்ணுக்கு அங்கே சோறு வேண்டும். சோற்றுக்கு வேலை வேண்டும். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். இவை எல்லாம் இல்லாவிட்டால் அதே நோய் திரும்பி வரும்.

எனவே காந்திகிராமத்தில் பள்ளிகள் வந்தன. கையால் வேலை செய்துகொண்டே பாடம் கற்கும் ஆதாரக் கல்வி முறை அங்கே நடந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கதர், கிராமத் தொழில்கள், சித்த ஆயுர்வேத மருந்து தயாரிப்பு என ஒவ்வொன்றாகத் தொடங்கின. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லம் அமைந்தது. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் பிறந்தது. அதுவே 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

1959-இல் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில் ஒரு சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மக்களோடு பேசிப் பழகி, தாய் சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். இதிலிருந்து காந்திகிராமக் கிராமிய சுகாதார நிறுவனம் வளர்ந்தது. சின்னாளபட்டியின் இரண்டு படுக்கை விடுதி, கஸ்தூரிபா மருத்துவமனையாகப் பெரிதானது.

அதே 1959-இல் அமெரிக்காவிலிருந்து ஒரு விருந்தினர் காந்திகிராமத்துக்கு வந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காக அகிம்சை வழியில் போராடிய மார்ட்டின் லூதர் கிங்தான் அவர்! காந்தியடிகளின் நாட்டைப் பார்க்க மனைவியுடன் வந்தவர், திண்டுக்கல் சமவெளியில் இருந்த இந்தச் சிற்றூரையும் தேடி வந்தார்.

மக்கள் பிரதிநிதி

மக்களோடு வாழ்ந்தவரை மக்களே தங்கள் பிரதிநிதியாக அனுப்பினார்கள். 1952-இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும், 1957-இல் வேடசந்தூர் தொகுதியிலிருந்தும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று, மத்திய அரசில் கல்வித்துறைத் துணை அமைச்சரானார். அதே ஆண்டு பத்மபூஷண் விருதும் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அதே அரசில் சுகாதார அமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? கல்லூரித் தோழி சுசீலா நய்யார்! டெல்லியில் ஒன்றாகப் படித்த இரண்டு பெண்களும், அதே டெல்லியில் ஒன்றாகப் பதவி வகித்தார்கள்.

ஆனால் பதவிகள் வந்தன, போயின. காந்திகிராமம் நிலைத்தது. 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, 80-ஆம் வயதில் டாக்டர் சௌந்தரம் காலமானார்.

குழந்தைகளே! சௌந்தரம் எந்த நாளில் தன் வாழ்க்கைப் பணியைக் கண்டுபிடித்தார் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? கணவரை இழந்து, படிக்க வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலா? பட்டம் வாங்கிய 1936-இலா? அல்லது சின்னாளபட்டியில் இரண்டு படுக்கைகளைப் போட்ட அந்த நாளிலா? யோசித்துப் பாருங்கள். எல்லா நாட்களும் சேர்ந்துதான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. என்ன ஆகப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்கு 30 வயது தாண்டியது. யாருக்காக என்பதைத் தெரிந்துகொள்ள 40 வயதானது.

ஆகவே, அடுத்த முறை உறவினர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது பதில் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். தேடிக்கொண்டே இருங்கள். கூடவே, யாருக்கு உதவப்போகிறோம் என்ற கேள்வியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும்போது காந்திகிராமம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டால், இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்த டாக்டரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்!

தெரிந்துகொள்ளுங்கள்!

* திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985-இல். காந்திகிராமம் தொடங்கியபோது இந்தப் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது.

* சென்னை மாகாணத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பட்டம் பெற்ற ஆண்டு 1912.

* 2005-இல் இந்திய அஞ்சல் துறை டாக்டர் சௌந்தரத்தின் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. தபால்தலை சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தேடிப் பாருங்கள்!